பாஸ்போர்ட்டுக்கு முன் ஒரு பட்டறை: பிள்ளைகளுக்குத் தொழில் அறிவை எப்படிக் கொடுப்பது?

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வரும் மாதங்களில் நம் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். பையன் அடுத்து என்ன செய்வான்? மதிப்பெண் நிறைய இருந்தால் பொறியியலா மருத்துவமா என்று பேசுகிறோம். குறைவாக இருந்தால் பாஸ்போர்ட் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறோம். சீர்காழி, கொள்ளிடம், மயிலாடுதுறை, நாகூர், கூத்தாநல்லூர் என்று டெல்டா முழுக்க இதே நிலைதான். வாப்பா சபுராளி, மாமா சபுராளி, மகனும் சபுராளி என்று இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்துவிட்டன. அந்தச் சம்பாத்தியத்தில்தான் வீடுகள் எழும்பின, குமர்கள் கரையேறினார்கள், பள்ளிவாசல்கள் கட்டப்பட்டன. அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. பதினெட்டு வயதில் விமானம் ஏறும் அந்தப் பிள்ளை, அதற்கு முன் ஒரு முறையாவது தன் கையால் ஒரு பொருளைச் செய்து, அதைத் தேவைப்படும் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்தி, வரவு செலவு எழுதிப் பார்த்திருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. இருபது ஆண்டு கழித்துச் சேமித்த பணத்தோடு திரும்பி வந்து முதன்முதலாக ஒரு கடை வைக்கும்போதுதான் அந்தப் பாடம் தொடங்குகிறது. அப்போது தவறுக்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது. சேமிப்பு முழுவதும் போகும், சில நேரம் நகையும் வட்டிக்கடைக்குப் போகும். அதே தவறைப் பதினைந்து வயதில் செய்தால் நூறு ரூபாயோடு முடிந்துவிடும்.

தொழில்முனைவுத் திறன் மேடைப் பேச்சால் வருவதில்லை. பிறருடைய தேவையைப் பார்த்து, கையால் செய்து, சோதித்து, திருத்திப் பழகினால் வருகிறது. அந்தப் பழக்கத்தை உயர்நிலைப் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிட வேண்டும். இதற்கு மார்க்கத்தில் என்ன வழிகாட்டல் இருக்கிறது, நாட்டில் என்ன நடக்கிறது, நம் ஊரில் எப்படிச் செய்யலாம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சோதித்துப் பார்க்கச் சொன்ன மார்க்கம்

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 6ஆவது வசனம் அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசுகிறது. அவர்கள் திருமணப் பருவத்தை அடையும் வரை அவர்களைச் சோதித்து வர வேண்டும், அவர்களிடம் பக்குவத்தைக் கண்டால் சொத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வயது வந்தால் மட்டும் போதாது, பக்குவமும் வேண்டும். அந்தப் பக்குவத்தைத்தான் ஃபிக்ஹு நூல்கள் 'ருஷ்து' என்கின்றன.

ருஷ்து வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டறிவது? கேள்வித்தாள் கொடுத்தா? இல்லை. ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களில் ஒன்றான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இதற்குத் தெளிவான வழி சொல்கிறது. வியாபாரியின் பிள்ளையை வாங்குவதிலும் விற்பதிலும் பேரம் பேசுவதிலும் விட்டுப் பார்க்க வேண்டும். விவசாயியின் பிள்ளையை விவசாயத்திலும், வேலையாட்களுக்குச் செலவு செய்வதிலும் விட்டுப் பார்க்க வேண்டும். கைத்தொழில் செய்பவரின் பிள்ளையை அந்தத் தொழிலிலேயே சோதிக்க வேண்டும். ஒரு முறை செய்து பார்த்தால் போதாது, இரண்டு முறையோ அதற்கு மேலுமோ சோதிக்க வேண்டும். அதையும் பருவ வயதை அடைவதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.

எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான இந்தச் சட்ட நூல் சொல்வதும், இன்றைய கல்வியாளர்கள் 'செய்து கற்றல்' என்று சொல்வதும் ஒன்றுதான். பிள்ளைக்குப் பொறுப்பைக் கொடுத்துப் பார், சிறிய அளவில் கொடு, திரும்பத் திரும்பக் கொடு, அருகில் நின்று கவனி. மதரசாக்களில் இந்தப் பாடத்தை ஓதுகிறோம், ஓதிக் கொடுக்கிறோம். வீட்டில் செயல்படுத்துவதைத்தான் மறந்துவிட்டோம்.

துல்கர்னைன் காட்டும் ஐந்து படிகள்

தொழில்முனைவு என்றவுடன் கடை திறப்பதும் கல்லாவில் உட்காருவதும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அது கடைசிப் படி. முதல் படி, அடுத்தவருக்கு என்ன தேவை என்று காண்பது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து பரவிய ஒரு பயிற்சி முறை இன்று உலகெங்கும் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. அதை 'வடிவமைப்புச் சிந்தனை' என்கிறார்கள். அதில் ஐந்து படிகள் உண்டு. தேவையுள்ளவரின் நிலையில் நின்று கேட்பது, பிரச்சினை எது என்று சரியாக வரையறுப்பது, பல யோசனைகளைத் திரட்டுவது, மலிவான ஒரு மாதிரியைச் செய்வது, அதைப் பயன்படுத்துபவரிடமே கொடுத்துச் சோதிப்பது.

இதைப் படிக்கும்போது நமக்கு அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் துல்கர்னைன் நினைவுக்கு வருகிறார். வெள்ளிதோறும் நாம் ஓதும் அத்தியாயம் அது. இரு மலைகளுக்கு இடையில் வாழ்ந்த ஒரு மக்களிடம் அவர் போகிறார். பேச்சு எளிதில் புரியாத மக்கள் அவர்கள். ஆனாலும் அவர்களுடைய குறையைக் கேட்கிறார். யஃஜூஜ், மஃஜூஜ் கூட்டத்தாரின் அக்கிரமத்திலிருந்து காக்க ஒரு தடுப்பு வேண்டும், அதற்குப் பணம் தருகிறோம் என்கிறார்கள். தன் இறைவன் தனக்குத் தந்திருப்பதே மேலானது என்று சொல்லி அவர் பணத்தை மறுக்கிறார். உங்கள் உடல் உழைப்பைத் தாருங்கள் என்று கேட்கிறார்.

அவர்கள் கேட்டது ஒரு தடுப்பு. அவர் கட்ட முன்வந்தது அதைவிட வலுவான ஓர் அரண். இரண்டுக்கும் குர்ஆன் வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்துவதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். வாய் கேட்டதையும் தாண்டி உண்மையான தேவையைப் புரிந்துகொண்டார் என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம். பிறகு இரும்புப் பாளங்கள், நெருப்பு, உருக்கிய செம்பு என்று பொருள்களைச் சேர்த்துக் கட்டுகிறார். கட்டி முடித்த அரணை எதிரிகளால் ஏறவும் முடியவில்லை, துளைக்கவும் முடியவில்லை. வேலை முடிந்ததும் இது என் இறைவனின் அருள் என்கிறார், தன் திறமை என்று சொல்லவில்லை.

தேவையைக் கேட்டல், சரியாகப் புரிதல், கையில் இருக்கும் பொருளையும் ஆளையும் கொண்டு செய்தல், தாங்குமா என்று பார்த்தல், பெருமையடிக்காமல் இருத்தல். நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க இவை போதும்.

நம் மண்ணின் பிள்ளைகள்

இதெல்லாம் நகரத்துப் பணக்காரப் பிள்ளைகளுக்குத்தானே என்று சிலர் நினைக்கலாம். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைப் பாருங்கள். நம் சமுதாயத்தார் நிறைந்து வாழும் ஊர். அந்த ஊர்ப் பிள்ளை ரிஃபாத் ஷாரூக், சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் துணையோடு, நண்பர்களுடன் சேர்ந்து 'கலாம்சாட்' என்ற மிகச் சிறிய செயற்கைக்கோளை வடிவமைத்தார். எடை 64 கிராம். உள்ளங்கையில் அடங்கும் 3.8 செ.மீ. கனசதுரம். 2017 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்திலிருந்து நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் அது பறந்தது. பூமியைச் சுற்றிவரும் பயணம் அல்ல அது. முப்பரிமாண அச்சில் வார்த்த கார்பன் இழைக் கூடு விண்வெளிப் பயணத்தைத் தாங்குகிறதா என்று பார்ப்பதே நோக்கம். அதாவது, செய்த மாதிரியைச் சோதித்துப் பார்த்தார்கள்.

இன்னொருவர் திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர். தெருவில் தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர் எரிந்து முடிந்த கரியைக் கொட்டுவதை அவர் கவனித்தார். எத்தனை வண்டிகள், எவ்வளவு கரி, எவ்வளவு புகை என்று யோசித்தார். சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். அந்த யோசனை உருவானபோது அவருக்கு வயது பன்னிரண்டு. 2020இல் சுவீடன் நாட்டின் குழந்தைகளுக்கான காலநிலை விருது அவருக்குக் கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். தினமும் நாம் கடந்துபோகும் அதே இஸ்திரி வண்டிதான் இவ்வளவுக்கும் தொடக்கம். அந்தப் பிள்ளை நின்று பார்த்தது, நாம் பார்க்கவில்லை.

டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் சிறுவயதிலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரம் நிலையத்தில் ரயில் நிற்பது ரத்தானது. செய்தித்தாள் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வீச வேண்டிய நிலை. பத்திரிகை விநியோகம் செய்துவந்த உறவினர் சம்சுதீனுக்கு அந்தக் கட்டுகளைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சிறுவன் கலாம் அந்த வேலையைச் செய்தார். அவருடைய முதல் சம்பாத்தியம் அதுதான். ஒரு சிக்கல் வந்தபோது அதற்குள் ஒரு சேவைக்கான இடம் இருப்பதைக் கண்ட குடும்பம் அது. பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் படிக்கும்போது விமான வடிவமைப்பு ஒன்றில் பேராசிரியர் திருப்தி அடையவில்லை. மூன்றே நாளில் திருத்திக் கொடுக்கவில்லை என்றால் உதவித்தொகை நின்றுவிடும் என்றார். தூக்கத்தைத் தொலைத்து அதை முடித்துக் கொடுத்தார் கலாம். குறையைக் கேட்டுத் திருத்தும் மனம் சிறுவயதிலிருந்து பழகியிருந்தால்தான் அது முடியும்.

அரசுத் திட்டங்களைக் கேட்டு வாங்குவோம்

நம் பெற்றோரில் பலருக்குத் தெரியாத சில வாய்ப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன.

மத்திய அரசின் அடல் புத்தாக்க இயக்கம் 2016 முதல் பள்ளிகளில் 'அடல் டிங்கரிங் லேப்' என்ற செய்முறைக் கூடங்களை அமைத்து வருகிறது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானவை இவை. தேர்வாகும் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. முப்பரிமாண அச்சு இயந்திரம், மின்னணுக் கருவிகள், சென்சார்கள் எல்லாம் அங்கே இருக்கும். நாடு முழுவதும் 10,000 கூடங்கள் அமைந்துள்ளன.

தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக் கல்வித் துறையோடும் யுனிசெஃப் அமைப்போடும் சேர்ந்து 'பள்ளி புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம்' நடத்துகிறது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து தங்கள் சுற்றுப்புறத்தில் ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு தீர்வை வடிவமைத்து அனுப்ப வேண்டும். வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் பயிற்சி உண்டு, சிறந்தவற்றுக்குப் பரிசும் உண்டு.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021இல் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்ற பெயரில் 11, 12ஆம் வகுப்பு மாணவர்கள் குழுவாகத் தொழில் தொடங்கிப் பார்க்க ஒவ்வொரு மாணவருக்கும் 2,000 ரூபாய் விதைப்பணம் கொடுத்தார்கள். தொகை சிறியது. ஆனால் அந்தப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்தவுடன் பிள்ளை பாடப்புத்தகத்தில் பார்க்காத ஒன்றைப் பார்க்கிறது.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் இந்தக் கூடம் இருக்கிறதா, இந்தத் திட்டத்துக்கு வழிகாட்டி ஆசிரியர் யார் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். மதிப்பெண்ணை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்.

சீர்காழியில் எங்கே தொடங்குவது?

நம் ஊரில் தேவைகளுக்குப் பஞ்சமில்லை. 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் கொட்டிய மழை 44 செ.மீ. தெருக்களிலும் வயல்களிலும் தண்ணீர், மின்சாரம் இல்லை, செல்போன் செத்துக் கிடந்தது. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் அரசு குடும்பத்துக்கு 1,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அந்த நாளை நினைவில் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். அன்று வீட்டில் எது இருந்திருந்தால் உதவியிருக்கும்? ரேஷன் அட்டையும் பத்திரங்களும் நனையாமல் காக்க ஒரு பையா? வாசலில் தண்ணீர் ஏறுவதை உள்ளே இருந்தே காட்டும் ஓர் அளவுகோலா? வீட்டில் படுக்கையில் இருக்கும் முதியவரின் கட்டிலை உயர்த்த ஒரு வழியா? அறுவடைக் காலம் வந்தால் சாலையோரம் காயும் நெல்லை மழை வந்ததும் இருவர் மட்டும் நின்று விரைவாக மூட என்ன செய்யலாம்? ஒவ்வொன்றும் ஒரு மாணவர் குழுவுக்கான வேலை.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். கொள்ளிடம் அருகிலுள்ள தைக்கால் பிரம்பு வேலைக்குப் பெயர் பெற்ற இடம். சிதம்பரம் சாலையில் போகும்போது நாற்காலி, ஊஞ்சல், கூடை என்று வரிசையாகக் கடைகள் தெரியும். நம் பள்ளிவாசல்களில் முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாமல் நாற்காலியில் அமரும் பெரியவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் குர்ஆன் ஓத என்ன செய்கிறார்கள்? தரையில் வைக்கும் ரேஹால் அவர்களுக்கு உதவாது. மடியில் வைத்துக் குனிந்து ஓதினால் கழுத்து வலிக்கிறது.

நான்கு மாணவர்கள் இதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அவர்கள் எதையும் செய்யக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். ஐந்து பெரியவர்களிடம் போய், எவ்வளவு நேரம் ஓதுகிறீர்கள், எந்த அளவு குர்ஆன், கண்ணாடி போட்டா, பக்கம் புரட்டச் சிரமமா என்று கேட்டு எழுதி வர வேண்டும். இரண்டாம் வாரம் எழுதியதை வைத்துப் பேச வேண்டும். உயரம்தான் பிரச்சினை என்று நினைத்துப் போனவர்களுக்கு, காற்றாடிக் காற்றில் பக்கம் பறப்பதே பெரிய தொல்லை என்று தெரியவரலாம். மூன்றாம் வாரம் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி ஒரு மாதிரி. செலவு பசைக்கும் நூலுக்கும் மட்டும். நான்காம் வாரம் அதே பெரியவர்களிடம் கொடுத்து ஓதச் சொல்லிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆடுகிறதா, சரிகிறதா, காலில் தட்டுகிறதா? ஐந்தாம் வாரம்தான் பிரம்பு. தைக்கால் கைவினைஞர் ஒருவரிடம் போய், எந்தப் பிரம்பு வளையும், எது தாங்கும், எப்படிச் சுடுவது என்று கேட்டுக் கற்று, அவர் மேற்பார்வையில் ஒன்று செய்ய வேண்டும். ஆறாம் வாரம் விலையும் கணக்கும்.

இந்த ஆறு வாரத்தில் பிள்ளை கற்றது என்ன? பெரியவர்களிடம் அடக்கமாகக் கேள்வி கேட்க, தன் யோசனை தவறு என்றால் அதை விட, கைவினைஞரை மதிக்க, நண்பர்களோடு வேலையைப் பங்கு போட. இவற்றில் எதையும் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க முடியாது.

கணக்கும் அமானத்தும்

அந்த ரேஹாலுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாகப் பிரம்பு 140 ரூபாய், ஆணி, பசை, கயிறு 20, வார்னிஷ் 15, பேருந்துக் கட்டணம் 15. மொத்தம் 190 ரூபாய். 250 ரூபாய்க்கு விற்றால் 60 ரூபாய் லாபம் என்று பிள்ளைகள் மகிழ்வார்கள். அங்கேதான் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இருவர் ஆளுக்கு இரண்டு மணி நேரம் உழைத்தீர்களே, அதற்குக் கூலி எங்கே? நான்கு மணி நேரத்துக்கு 60 ரூபாய் என்றால் ஒரு மணிக்கு 15 ரூபாய். இதில் குடும்பம் நடத்த முடியுமா? இந்தக் கேள்விக்குப் பிறகுதான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும். பிரம்பை வளைக்க ஒரு மரச்சட்டம் செய்துகொண்டால் நேரம் பாதியாகும், மணிக்கு 30 ரூபாய் கிடைக்கும். மொத்தமாகப் பிரம்பு வாங்கினால் விலை குறையும். இது வணிகவியல் பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே கணக்குதான். தன் வியர்வை அதில் சேர்ந்திருப்பதால் பிள்ளைக்கு மறக்காது.

லாபத்தைவிட முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. ஒரு முறை நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றில் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். இது முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள செய்தி. டெல்டா மக்களுக்கு இந்த ஹதீஸ் நன்றாகவே புரியும். நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் ஈரப்பதம் என்ற அளவுக்காக எத்தனை நாள் நெல்லைக் காயவைத்துக் காத்திருக்கிறோம்! ஈரத்தை மறைத்து விற்பவனுக்கு அன்றைக்குக் கூடுதல் காசு கிடைக்கலாம், பரக்கத் போய்விடும்.

ஆகவே நம் பிள்ளைகள் செய்யும் பொருளில் ஒரு கால் சற்றுக் கோணலாக இருந்தால், வாங்குபவரிடம் அதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்கப் பழக்க வேண்டும். அதுதான் அவர்கள் பெறும் முதல் சான்றிதழ்.

பங்கு விஷயத்திலும் தெளிவு வேண்டும். நால்வர் சேர்ந்து செய்தால் யாருக்கு எவ்வளவு என்று தொடங்குமுன்பே பேசி எழுதிவிட வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. அண்ணன் தம்பி கடைகள் பிரிவதற்கு எழுதாத கணக்குகளே பெரும்பாலும் காரணம். முதலீடு தேவைப்பட்டால் வாப்பாவோ மாமாவோ கடனாகத் தரட்டும், அல்லது லாப நட்டத்தில் பங்காளியாகச் சேரட்டும். வட்டிக்கு வாங்கித் தொழில் தொடங்கும் எண்ணமே பிள்ளையின் மனதில் முளைக்கக் கூடாது.

பருவமடையாத பிள்ளை வியாபாரம் செய்யலாமா என்ற ஐயமும் வரும். ஷாஃபிஈ மத்ஹபில் பருவமடையாத பிள்ளை தானே செய்யும் விற்பனை ஒப்பந்தம் செல்லாது. பேரம் வரை பிள்ளை பேசலாம், ஒப்பந்தத்தைப் பொறுப்பாளர் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் விவரம் தெரிந்த பிள்ளை பொறுப்பாளரின் அனுமதியோடு விற்கலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பலர் பருவமடைந்தவர்களே. எப்படியானாலும் வாப்பாவோ உம்மாவோ கூடவே இருப்பது மார்க்கத்துக்கும் பொருத்தம், பாதுகாப்புக்கும் பொருத்தம்.

பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள்

இப்படிப்பட்ட பயிற்சி என்றால் பையன்களை மட்டும் அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகத்தைப் பற்றி மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தம் கையால் உழைத்து, அதில் தர்மம் செய்தவர்கள் என்று ஹதீஸ் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் அமர்ந்து பேச ஒரு மிம்பர் செய்து தரலாமா, தம்மிடம் தச்சு வேலை தெரிந்த பணியாள் இருக்கிறார் என்று கேட்டவர் ஓர் அன்சாரிப் பெண்மணி என்று புகாரியில் பதிவாகியுள்ளது. தேவையைக் கண்டார், ஆளைத் தேடினார், பொருள் உருவானது.

இன்றும் நம் வீடுகளில் தையல், மருதாணி, ஊறுகாய், தின்பண்டம் என்று எத்தனையோ திறமைகள் இருக்கின்றன. கணவர் வெளிநாட்டில் இருக்க, வீட்டின் வரவு செலவு முழுவதையும் நடத்துபவர்கள் நம் தாய்மார்கள்தான். அந்த நிர்வாகத் திறனுக்கு ஒரு பெயர் கொடுத்து, கணக்கும் பொதி கட்டும் முறையும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் மகளுக்குக் கற்றுக்கொடுத்தால், நாளை அவளுக்கு ஒரு நெருக்கடி வந்தாலும் யாரிடமும் கையேந்தி நிற்க மாட்டாள், இன்ஷா அல்லாஹ்.

பெற்றோரின் இரண்டு அச்சங்கள்

முதல் அச்சம், படிப்பு கெட்டுவிடும் என்பது. பொதுத்தேர்வு ஆண்டில் இதைத் தொடங்கச் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும் ஏற்ற காலம். கோடை விடுமுறையில் ஆறு வாரம், அல்லது வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் போதும். கையில் செல்போனோடு கழியும் நேரத்தில் இது மிகச் சிறிய பங்கு.

இரண்டாம் அச்சம், பிள்ளை தோற்றுவிட்டால் மனம் உடைந்துவிடும் என்பது. உண்மை வேறு. செய்த பொருள் விற்காமல் போவதை வாப்பா, உம்மாவின் நிழலில் இருக்கும்போதே ஒரு முறை அனுபவித்த பிள்ளை, பின்னாளில் அந்நிய ஊரில் ஒரு சறுக்கல் வந்தால் தாங்கிக்கொள்ளும். நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டும்போது கடந்துபோனவர்கள் கேலி செய்தார்கள் என்று ஹூத் அத்தியாயம் சொல்கிறது. அவர்கள் கட்டுவதை நிறுத்தவில்லை. கேலியைத் தாங்கி வேலையை முடிப்பதும் ஒரு பயிற்சிதான். ஆகவே பிள்ளை கொண்டுவரும் கோணல் மாணலான முதல் பொருளைப் பார்த்துச் சிரித்துவிடாதீர்கள்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. மக்தப் மதரசா காலையிலும் மாலையிலும்தான் நடக்கிறது. இடைப்பட்ட நேரத்தில், அல்லது விடுமுறை நாளில், அதே அறையைப் பட்டறையாகப் பயன்படுத்தலாம். சுத்தியல், ரம்பம், அளவு நாடா, திருப்புளி, அட்டை, பசை, ஒரு பழைய தையல் இயந்திரம் இருந்தால் தொடங்கிவிடலாம். ஊரில் ஒரு தச்சர், ஒரு எலக்ட்ரீசியன், ஒரு தையல்காரர், வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு ஏசி மெக்கானிக் நிச்சயம் இருப்பார்கள். வாரம் ஒருவர் வந்து பிள்ளைகளோடு உட்காரட்டும். அவர்களை 'உஸ்தாத்' என்று பிள்ளைகள் அழைக்கட்டும். கைத்தொழில் செய்பவருக்கு நம் சமுதாயத்தில் மரியாதை கூடினால்தான் நம் பிள்ளைகள் கைத்தொழிலைத் தேடிப் போவார்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, பெருநாளை ஒட்டி, பிள்ளைகள் செய்த பொருள்களுக்கு ஒரு சிறு சந்தை நடத்தலாம். அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களையும் அழைக்கலாம். பொருளோடு கணக்கு நோட்டையும் காட்டும் குழுவுக்குத்தான் பரிசு என்று ஒரு நிபந்தனை போடுங்கள். கிடைத்த லாபத்தில் ஒரு பகுதியைத் தர்மம் செய்யச் சொல்லுங்கள்.

உதவி கேட்டு வந்த ஒரு அன்சாரியிடம் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு போர்வையும் ஒரு கிண்ணமும் இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் சொல்லி ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்றார்கள். ஒன்று குடும்பத்தின் உணவுக்கு, மற்றொன்று கோடரி வாங்க. வாங்கி வந்த கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்றுப் பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்தோடு திரும்பி வந்தார். அபூதாவூதில் உள்ள இந்தச் செய்தியின் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் அறிஞர்களிடம் பேச்சு உண்டு. ஆனால் பிறரிடம் கேட்பதைவிடக் கயிற்றை எடுத்துப் போய் விறகுக் கட்டைச் சுமந்து விற்பது மேல் என்ற கருத்து புகாரியில் உறுதியாகவே வந்துள்ளது.

கையில் இருப்பதைக் கணக்கிடுதல், சிறு முதல், ஒரு கருவி, ஒரு காலக்கெடு, திரும்பி வந்து கணக்குச் சொல்லுதல் எல்லாம் அந்தச் சம்பவத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, காம்பைப் பொருத்திக் கொடுக்கும் ஒரு கை இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல நிறையப் பேர் இருக்கிறோம். காம்பைப் பொருத்திக் கொடுக்கத்தான் ஆள் குறைவு. பிறகு அவர்கள் துபாய் போகட்டும், சிங்கப்பூர் போகட்டும், கல்லூரிக்குப் போகட்டும், ஊரிலேயே கடை போடட்டும். எங்கே போனாலும் வெறுங்கையோடு போக மாட்டார்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளில் பரக்கத் செய்வானாக! ஹலாலான சம்பாத்தியத்தை அவர்களுக்கு எளிதாக்கித் தருவானாக! அமானத்தைப் பேணும் வணிகர்களாக அவர்களை ஆக்குவானாக! ஆமீன்.